கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது

உங்கள் ஸ்டேஷனில் டீ நன்றாகப் போடுகிறார்கள். நீலகிரியில் நல்ல டீ கிடைப்பது அபூர்வம் மேடம். நல்ல தூளெல்லாம் ஏலத்துக்குப் போய்விடும், மலையில் இருப்பவர்களுக்கு மிஞ்சுவது டஸ்ட். குறையாகச் சொல்லவில்லை. விளைகிற இடத்தில் எதுவும் தங்காது, அவ்வளவுதான்.

வக்கீல் வரும்வரை பேச வேண்டாம் என்றீர்கள். பரவாயில்லை, எனக்கு மறைக்க எதுவும் கிடையாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஊட்டி காலேஜில் முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் நான், நடுவில் யாராவது கை தூக்கினால் பேச்சின் கோர்வை அறுந்துபோகும். கேள்விகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி ஞானம் ஏன் இறந்தாள் என்றுதானே கேட்கிறீர்கள். அதற்குக் கடலிலிருந்து தொடங்க வேண்டும்.

என் பெயர் சில்வஸ்டர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். எங்கள் கரைக்கு எதிரே தண்ணீருக்குள் ஒரு பவளத்திட்டு இருந்தது. எங்கள் ஆட்கள் அதைப் பார் என்பார்கள். ஒரு காலத்தில் அதை வெட்டிச் சுண்ணாம்பு சுட்டார்கள், வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டார்கள். நான் பிறந்த வீட்டுச் சுவரே பவளக்கல்தான். அப்புறம் இழுவைமடி வலை வந்து வாரிக்கொண்டு போனது. ஊர்ச் சாக்கடை கலந்தது. கப்பல் வர ஆழப்படுத்துகிறோம் என்று சேற்றைக் கிளறிவிட்டார்கள். அத்தனையையும் பார் தாங்கிக்கொண்டது. சூட்டைத்தான் தாங்கவில்லை.

பவளம் கல் இல்லை மேடம், உயிர். சின்னச் சின்னப் பிராணிகள் கூட்டுக்குடித்தனம் நடத்துகிற கூடு. ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் ஒரு பாசி குடியிருக்கிறது. வெயிலைப் பிடித்துச் சமைத்துப் போடுவது அதுதான், பவளத்துக்கு நிறம் கொடுப்பதும் அதுதான். கடல் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சுட்டு, அந்தச் சூடு சில வாரம் நீடித்தால் போதும், பவளம் அந்தப் பாசியை வெளியே துரத்திவிடும். உலை வைக்கிறவளையே வீட்டைவிட்டு அனுப்புகிற மாதிரி. அதற்குப் பிறகு வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்பார்கள். சாகவில்லை. பட்டினி கிடக்கிறது. சீக்கிரம் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும், பவளமும் பிழைத்துக்கொள்ளும். குளிராவிட்டால்தான் சாவு. வெளுப்பது வேறு, சாவது வேறு. இதை மாணவர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

பார் முழுவதும் வெளுப்பதற்கு முன்பே முறைப்படி அனுமதி வாங்கித் துண்டுகள் எடுத்து வந்து தொட்டிகளில் வளர்த்தேன். மான்கொம்பு போலக் கிளைவிடுவது, மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருப்பது, இலை இலையாக விரிவது எல்லாம் அதில் உண்டு. இங்கே மலையில் கிளென்மார்கன் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் காலியாகக் கிடந்த க்வார்ட்டர்ஸை ஒரு அறக்கட்டளை எனக்காக ஏற்பாடு செய்து கொடுத்தது. கடல் பிராணியை ஆறாயிரம் அடிக்கு மேலே தூக்கிக்கொண்டு போகிறானே என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். கீழே தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கப் படாத பாடு பட வேண்டும், மேலே சூடு பண்ணினால் மட்டும் போதும். குளிர்ந்த ஊரில் அரை டிகிரி கூட்டுவதும் அரை டிகிரி குறைப்பதும் என் கையில் இருந்தது. கீழே அது வெயிலின் கையில்.

துண்டுகளை மலைக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு கோடையில் பார் வெளுத்தது. அந்தத் தடவை அது மீளவில்லை. இப்போது அந்தத் திட்டிலிருந்து உயிரோடு மிச்சம் இருப்பது என் வீட்டுக் கூடத்துத் தொட்டிகளில் இருப்பவை மட்டும்தான். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் அந்த வீட்டைவிட்டு நகர்ந்தால் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. ஹீட்டர் ஒரு ராத்திரி நின்றால் குளிரிலும் அவை வெளுக்கும்.

என் ஆராய்ச்சி எளிமையானது. கடலை மாற்ற முடியாது, ஆகவே பவளத்தை மாற்ற வேண்டும். தண்ணீரை அரை டிகிரி கூட்டுவேன், கொஞ்ச நாள் விடுவேன், மறுபடி அரை டிகிரி. ஒரேயடியாகச் சுட்டால் செத்துப்போகிற துண்டு, இப்படிப் படிப்படியாகப் பழக்கினால் அதே சூட்டில் நிற்கும். எல்லாத் துண்டும் நிற்கும் என்று சொல்லவில்லை, நிறைய நின்றன. வெளுக்க ஆரம்பித்தால் உடனே நிறுத்திப் பழைய சூட்டுக்கே கொண்டுபோய்விடுவேன். ஒவ்வொரு சோதனைக்கும் கை வைக்காத தொட்டி ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க இருக்கும். முறை தவறி நான் எதுவும் செய்ததில்லை.

இனி ஞானசுந்தரி. என் மனைவி. வெலிங்டனில் பிறந்து வளர்ந்தவள், அவள் அப்பா அங்கே மிலிட்டரி ஆபீஸில் கிளார்க். ஊட்டியில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றாள். என் வேலையை அவள் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. காலையில் காபியோடு வந்து, “ஏனுங்க, உங்க கல்லுக்கெல்லாம் இன்னிக்குக் காச்சல் எப்படி இருக்குதுங்க?” என்பாள். நான் பதில் சொல்வதற்குள் தொட்டிக்குப் பக்கத்தில் கையைக் காட்டிக் குளிர்காய ஆரம்பித்துவிடுவாள். அந்த வீட்டில் குளிர் தெரியாத இடம் அந்தக் கூடம் ஒன்றுதான்.

அவளுக்கு நுரையீரல் இறுகிக்கொண்டே போகிற வியாதி. கோயமுத்தூரில் டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். மருந்தால் மெதுவாக்கலாம், நிறுத்த முடியாது என்றார். வீட்டில் ஆக்சிஜன் மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். மேலே காற்றே அடர்த்தி குறைவு, இந்த நுரையீரலோடு அங்கே இருக்கக் கூடாது, கீழே வந்துவிட்டால் இன்னும் சில வருஷம் நன்றாக இருப்பார்கள் என்றார். என் மகள் எல்சா கோயமுத்தூரில்தான் இருக்கிறாள். அன்றைக்கே அம்மாவுக்கு அறை ஒதுக்கிவிட்டாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். டாக்டர் சமவெளிக்காரர். ஞானம் மலையில் பிறந்தவள், மலையிலேயே பிள்ளை பெற்றவள், இந்தக் காற்றுக்குப் பழகிய உடம்பு அவளுடையது. அவளைக் கீழே கொண்டுபோவதுதான் அதிர்ச்சி என்று எனக்குத் தோன்றியது. அவள் மட்டும் போயிருக்கலாமே என்று எல்சா உங்களிடம் சொல்லியிருப்பாள். போயிருக்கலாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் பிரிந்து இருந்ததில்லை, எனக்கு அவள் இல்லாமல் சாப்பாடு இறங்காது. மழை முடியட்டும், சேர்ந்தே போகலாம் என்றேன். அவள், “சரிங்க, நீங்க சொன்னாச் சரிங்க” என்றாள். என்னை நம்பினாள்.

அவள் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினேன். இரண்டு தொட்டி வரிசைகளுக்கு நடுவில். வெதுவெதுப்பான அறை, உப்பு ஈரம் கலந்த காற்று. அவளுக்கு அது பிடித்திருந்தது. எஸ்டேட்டிலிருந்து வேலாமணி என்ற பெண் உதவிக்கு வருவாள், தொட்டிக் கண்ணாடி துடைப்பாள், ஞானத்துக்குத் தலை வாரிவிடுவாள். பவளத்துக்கு நீல விளக்குதான் அதிக நேரம் எரிய வேண்டும், கடலின் ஆழத்தில் நீலம் மட்டும்தான் இறங்கும். மதியம் கொஞ்ச நேரம் வெள்ளை விளக்கு, மற்றபடி எல்லாம் நீலம். கட்டிலில் படுத்துக்கொண்டு, “கடலுக்கடியில குடும்பம் நடத்தற மாதிரி இருக்குதுங்க” என்பாள்.

ஆடி மழை பிடித்துக்கொண்டது. காற்றில் மரம் விழுந்து லைன் அறுந்தது, ரோட்டில் மண் சரிந்தது. கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் சின்னது, ஹீட்டரும் பம்பும் ஓடினால் அதற்கு மேல் எதையும் இழுக்காது. ஞானத்தின் மிஷினை மாட்டினால் ஒரு வரிசைத் தொட்டியை நிறுத்த வேண்டும். அவளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது, பவளத்துக்கு மாற்று ஏற்பாடு இல்லை. ஆகவே ஜெனரேட்டர் தொட்டிகளுக்கு, சிலிண்டர் அவளுக்கு என்று வைத்தேன். ரோடு திறக்கும்வரை வேறு சிலிண்டர் மேலே வராது. இருப்பதை நீட்டிக்க வேண்டும். டாக்டர் வைத்த அளவிலிருந்து நிமிஷத்துக்கு அரை லிட்டர் குறைத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் இழுத்து இழுத்து மூச்சு விட்டாள், தூங்கினாள், காலையில் கஞ்சி குடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் இன்னும் அரை லிட்டர் குறைத்தேன். அப்போது மட்டும், “ஏனுங்க, காத்து கொறஞ்சாப்புல இருக்குதுங்களே?” என்றாள்.

“ஒண்ணுமில்ல ஞானம், மழையில அப்படித்தான் இருக்கும்” என்றேன். தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடினாள். சாயங்காலத்துக்குள் அதற்கும் பழகியிருந்தாள்.

விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற சின்னக் கருவி எங்களிடம் உண்டு, கொரோனாவில் வாங்கியது. அது என்ன காட்டியது என்று நீங்கள் ஏற்கெனவே கேட்டீர்கள். தெரியாது. தொட்டி வெப்பமானியின் பேட்டரி தீர்ந்திருந்தது, கடைக்குப் போக ரோடு இல்லை. அந்தக் கருவியின் பேட்டரியைக் கழற்றி வெப்பமானியில் போட்டேன். இரண்டுக்கும் ஒரே அளவு பேட்டரி.

இதற்கு அப்புறம் நடந்ததை நீங்கள் கேட்கவில்லை. எல்சாவுக்கும் தெரியாது. நானே சொல்கிறேன். கரண்ட் திரும்பி வந்துவிட்டது. லைன்மேன்கள் மழையிலேயே ஏறி வேலை பார்த்தார்கள், பாவம். ரோட்டில் சரிந்த மண்ணையும் ஒதுக்கிவிட்டார்கள். சிலிண்டர் வண்டி வந்தது, மூன்று சிலிண்டர் இறக்கி வராந்தாவில் வைத்தேன். ஞானத்தை மறுபடி மிஷினில் மாட்டினேன். மிஷினில் ஒரு குமிழ் இருக்கும், எவ்வளவு வேண்டுமோ திருகிக்கொள்ளலாம். டாக்டர் சொன்ன அளவுக்குத் திருப்பப் போன கை நின்றுவிட்டது.

அவள்தான் இந்த அளவில் பிழைத்துக் காட்டிவிட்டாளே என்று நினைத்தேன். ஏறின படியிலிருந்து எதற்கு இறங்க வேண்டும்? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பழக்கினால் ஒரு நாள் மிஷினே வேண்டாம். மிஷின் வேண்டாம் என்றால் கீழே போகவும் வேண்டாம். அவளும் இங்கே இருப்பாள், பவளமும் இருக்கும், நானும் எங்கும் போக வேண்டாம். கணக்கு அழகாக வந்தது. எனக்கு அன்றைக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. குமிழைக் கூட்டவில்லை, குறைத்தேன்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள் மேடம். பிறகு மறுபடி சொல்லச் சொல்வீர்கள்.

எல்சா தினமும் போன் செய்தாள். “அப்பா, ரோடு தொறந்துருச்சில்ல, நான் கார் எடுத்துட்டு வரட்டுங்களா? அம்மாவ இங்க கூட்டிட்டு வந்தர்லாங்க” என்றாள். நான், “இப்ப வேண்டாம்மா, நல்லா முன்னேறிட்டு வர்றா, அடுத்த வாரம் பாக்கலாம்” என்றேன். அது பொய் இல்லை, அன்றைக்கு அப்படித்தான் நம்பினேன். ஞானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கீழ போயிரலாமுங்க, எனக்கு முடியலீங்க” என்பாள். சொல்ல ஆரம்பித்த வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்குவாள். நான் அவள் நெற்றியைத் தடவிக் கொடுப்பேன். கஷ்டப்படாமல் எந்த உயிரும் பழகுவதில்லை.

ஒரு நாள் அவள் பிரமாதமாக இருந்தாள். கன்னம் சிவந்து, கண் மினுமினுத்து, நிறுத்தாமல் பேசினாள். சம்பந்தம் இல்லாமல் வெலிங்டன் பரேடு, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று என்னென்னவோ சொல்லிச் சிரித்தாள். வேலாமணியைப் பார்த்து எல்சா என்று கூப்பிட்டாள். மதியம், வெள்ளை விளக்கு எரிகிற நேரம். போட்டோ எடுத்து எல்சாவுக்கு அனுப்பினேன். அம்மா எவ்வளவு அழகாக இருக்கிறார்கள் என்று எல்சா பதில் போட்டாள். மேடம், பவளத்திலும் இப்படி நடக்கும். சில வகைகள் வெளுப்பதற்கு முன்னால் ஊதாவும் பச்சையுமாகக் கண்ணைப் பறிக்கிற நிறம் காட்டும். படகில் போகிறவர்கள் பார் செழித்துவிட்டது என்று படம் பிடிப்பார்கள். அது செழிப்பு இல்லை, சூடு தாங்காமல் அது பிடிக்கிற குடை என்று வகுப்பில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். போட்டோவை அனுப்பும்போது அது எனக்கு ஞாபகம் வந்தது. அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பேச்சு நின்றது. தூக்கம்தான் அதிகம். வேலாமணி தலை வாரப் போனவள் சீப்போடு என்னிடம் வந்தாள்.

“ஏனுங்க சார், அக்காவுக்கு ஒதடு நெகமெல்லாம் நீலம் பாஞ்சாப்புல இருக்குதுங்களே.”

“அது விளக்கு, வேலாமணி. உன் கையைப் பாரு, அதுவும் நீலமாத்தான் இருக்கு.”

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதுவும் நீலமாகத்தான் இருந்தது. “அப்பிடீங்களா சார்” என்று போய்விட்டாள். அவளைத் திட்டாதீர்கள், மேல்கொண்டு கேட்கிற இடத்தில் அவள் இல்லை. போகும்போது ஞானத்தின் காலுக்குக் கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டுப் போனாள்.

அன்றைக்குப் பிறகும் குறைத்தேன். கடைசிப் படி அரை லிட்டர் இல்லை, கூடுதல். அவசரப்பட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். காலையில் ஹீட்டரெல்லாம் சரிபார்த்துவிட்டுக் காபி கொண்டுபோனேன். கை ஜில்லிட்டிருந்தது. அந்த வெதுவெதுப்பான அறையில் அவள் மட்டும்தான் குளிர்ந்திருந்தாள். பக்கத்துத் தொட்டியில் மான்கொம்புப் பவளம் நுனியெல்லாம் தளிர்விட்டிருந்தது. அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. வேலாமணி வந்து சத்தம் போட்ட பிறகுதான் காபி ஆறிப்போனதைப் பார்த்தேன்.

சரி, இப்போது கேளுங்கள்.

ஆமாம், நல்ல கேள்வி. வெளுக்க ஆரம்பித்தால் பவளத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடுவேன் என்றேனே, அவளுக்கு ஏன் அதைச் செய்யவில்லை? இத்தனை நாளில் சரியான கேள்வி கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். விளக்கு நீலமாக இருந்ததால் எனக்குத் தெரியாமல் போயிற்று என்று எல்சாவிடம் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. வேலாமணி கிளம்பிப் போனதும் நான் வெள்ளை விளக்கைப் போட்டுப் பார்த்தேன். உதடு நீலமாகவேதான் இருந்தது. நகமும். கண் திறந்து என்னைப் பார்த்தாள். குமிழ் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது, மூன்று சிலிண்டரும் வராந்தாவில் முழுசாக இருந்தன, எல்சாவின் நம்பர் போனில் முதலில் இருந்தது. வெள்ளை வெளிச்சம் அந்த நேரத்தில் பவளத்துக்கு ஆகாது. மறுபடி நீலத்துக்கு மாற்றிவிட்டு உட்கார்ந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு இன்னொரு ஞானம் கிடையாது, இருந்தது ஒருத்திதான். அவளை நான்தான் கொன்றேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் என் முறை தவறு என்று மட்டும் எழுதாதீர்கள். ஆரம்பத்தில் தினமும் கீழே போகலாம் என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சியவள் மேடம் அவள். கடைசி இரண்டு நாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழகிவிட்டாள் என்பதற்கு இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்?